அதிகம் பேர் கண்ணில் படாத ரொமான்டசித் தொடர்களைத் தேடிப் பிடிக்கும் வழி

ரொமான்டசி, அதாவது மாய உலகமும் காதலும் கலந்த கதை என்று தேடினால் எந்தப் பட்டியலிலும் அதே ஏழெட்டுத் தொடர்கள்தான் வரும். வரிசை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். சாரா ஜே. மாஸ் 2015இல் தொடங்கிய தேவதை அரசவைத் தொடரும் ரெபெக்கா யாரோஸ் 2023இல் தொடங்கிய டிராகன் தொடரும் மேலே உட்கார்ந்திருக்கும். அவற்றைப் படித்து முடித்தவர் அடுத்து எங்கே போவது?

நல்ல தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவை வேறு பெயரில், வேறு அலமாரியில் கிடக்கின்றன. ரொமான்டசி என்ற சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியது சமீப ஆண்டுகளில்தான். அதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மாய உலகமும் காதலும் சம எடையில் இருக்கும் தொடர்கள் வந்துவிட்டன. அவற்றின் அட்டையில் அந்தச் சொல் இல்லை. அதனால் இன்றைய தேடலில் சிக்குவதில்லை. இன்னொரு பக்கம், எழுத்தாளர்களே சொந்தமாக வெளியிடும் மின்னூல்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாததால் அவையும் கீழே போய்விடுகின்றன. இந்த இரண்டு கூட்டத்திலிருந்தும் நமக்குப் பிடித்ததை எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். இந்தத் தொடர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ்த் தொடர்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

முதலில் ஒரு தாளில் ஐந்து விஷயம்

'நல்ல ரொமான்டசி வேண்டும்' என்று தேடினால் பிரபலமானதுதான் கிடைக்கும். தேடல் குறுகக் குறுகத்தான் தெரியாத பெயர்கள் மேலே வரும். அதனால் தேடுவதற்கு முன் இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காதலின் எடை எவ்வளவு என்பது முதலாவது. காதலை எடுத்துவிட்டால் கதையே நிற்காது என்றால் அது ஃபேன்டசி ரொமான்ஸ். காதலை எடுத்தாலும் போரும் அரசியலும் தனியாக நிற்கும் என்றால் ரொமான்டிக் ஃபேன்டசி. இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டை கிடையாது. ரொமான்ஸ் பதிப்பு உலகில் ஜோடி கடைசியில் நிம்மதியாகச் சேர்ந்தே ஆக வேண்டும். வாசகர்கள் அதை எச்.இ.ஏ. (ஹேப்பிலி எவர் ஆஃப்டர்) என்று சுருக்கிச் சொல்வார்கள். ஃபேன்டசி அலமாரியில் இருக்கும் நூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாயகன் கடைசிப் பாகத்தில் செத்துப் போனதைப் பார்த்து மனம் உடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் உள்ளே போனவர்கள்.

அடுத்தது, ஒரே ஜோடி எல்லாப் பாகங்களிலும் வர வேண்டுமா, பாகத்துக்கு ஒரு புது ஜோடியா. மூன்றாவது, தொடர் முடிந்திருக்க வேண்டுமா. நான்காவது ஸ்பைஸ், அதாவது படுக்கையறைக் காட்சிகள் எந்த அளவுக்கு இருக்கலாம் என்பது. ஐந்தாவது, கதை எந்த ட்ரோப்பில், அதாவது பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் எந்தப் போக்கில் ஓட வேண்டும்: எதிரிகள் காதலர்களாவதா, அரசியலுக்காக நடக்கும் கல்யாணமா, மெல்ல மெல்லச் சூடேறும் ஸ்லோ பர்னா?

எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'காதல் பாதிக்கு மேல். ஒரே ஜோடி. முடிந்த தொடர். ஸ்பைஸ் நடுத்தரம். ஏற்பாட்டுக் கல்யாணம், ஸ்லோ பர்ன்.' இனி எல்லாத் தேடலும் இந்த வரிகளை வைத்துத்தான்.

ஆண்டுக்கு ஏற்ற சொல்லைத் தட்டுங்கள்

பழைய தொடர்களைப் பிடிக்க அந்தக் காலத்துப் பெயரைத் தெரிந்துகொள்வது அவசியம். 1990களில் வந்தவை வெறும் ஃபேன்டசி என்றே விற்கப்பட்டன. 2000க்குப் பிறகு பாராநார்மல் ரொமான்ஸ் என்ற பெயர் சந்தையைப் பிடித்தது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் கதைகளோடு, முழுக்க வேறு உலகில் நடக்கும் கதைகளையும் அந்தக் கூடையிலேயே போட்டார்கள். ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கங்களின் பழைய விருதுப் பட்டியல்களில் தேடும்போதும் பாராநார்மல் பிரிவைத்தான் பார்க்க வேண்டும்.

2004இல் ஹார்லெக்வின் நிறுவனம் லூனா என்ற தனிப் பதிப்பு முத்திரையைத் தொடங்கியது. மில்ஸ் அண்ட் பூன் வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். பெண்களுக்கான ஃபேன்டசி, உள்ளே காதலும் உண்டு என்பதே லூனாவின் அடையாளம். இன்றைய ரொமான்டசிக்கு நேர் மூதாதை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். மரியா வி. ஸ்னைடரின் விஷம் ருசிபார்க்கும் பெண்ணின் கதை 2005இல் இந்த முத்திரையில்தான் முதலில் வந்தது. லூனா என்ற பெயரைப் பதிப்பகப் பெயராகக் கொடுத்துத் தேடினால், இன்றைய பட்டியல்களில் பெயரே வராத எழுத்தாளர்கள் வரிசையாக வருவார்கள்.

ஆகவே ஒரே தேடலை மூன்று முறை செய்யுங்கள்: ரொமான்டசி என்று ஒருமுறை, ஃபேன்டசி ரொமான்ஸ் என்று ஒருமுறை, ரொமான்டிக் ஃபேன்டசி என்று ஒருமுறை. மூன்றுக்கும் வரும் முடிவுகள் வேறுவேறாக இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் சுரங்கம்.

குட்ரீட்ஸில் எண்களைப் படிக்கும் விதம்

குட்ரீட்ஸ் என்பது வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண்ணும் விமர்சனமும் போடும் தளம். அங்கே ஒரு புத்தகத்தின் கீழே காட்டும் 'இதைப் படித்தவர்கள் இவற்றையும் படித்தார்கள்' வரிசையை நம்பி இறங்க வேண்டாம். நிறையப் பேர் படித்த புத்தகம் எல்லாப் புத்தகத்தோடும் பொருந்தும் என்பதால் அங்கே பிரபலமானவையே திரும்பத் திரும்ப நிற்கும். வாசகர்கள் வாக்களித்து உருவாக்கும் லிஸ்டோபியா பட்டியல்களுக்குப் போங்கள். ஒரு பக்கத்துக்கு 100 புத்தகம் இருக்கும். முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து பாருங்கள். 'சிறந்த ஃபேன்டசி ரொமான்ஸ்' போன்ற பொதுப் பட்டியலைவிட, 'ஃபேன்டசியில் ஏற்பாட்டுக் கல்யாணம்' போல ட்ரோப்பைத் தலைப்பில் வைத்த சின்னப் பட்டியல்களில்தான் புதுப் பெயர்கள் இருக்கும். ஒரே ஒரு வாக்கு வாங்கிய புத்தகமாக இருந்தால் கொஞ்சம் நிதானம். யார் வேண்டுமானாலும் பட்டியலில் புத்தகம் சேர்க்கலாம், எழுதியவரே கூட.

அங்கே கண்ணில் பட்ட புத்தகத்தைத் திறந்ததும் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். லட்சக்கணக்கில் இருந்தால் அது ஏற்கெனவே ஊரறிந்த புத்தகம். 500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் எழுத்தாளரின் வட்டமும் வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி வாங்கியவர்களும்தான். அந்தச் சராசரி இன்னும் நிலைத்திருக்காது. நாம் தேடுவது பெரும்பாலும் 500க்கும் 20,000க்கும் நடுவில் இருக்கும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. தொடர்களை எடை போட இதைவிட நல்ல வழி வேறில்லை. முதல் பாகத்துக்கு எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள், இரண்டாம் பாகத்துக்கு எத்தனை பேர்? முதல் பாகத்துக்கு 6,000, இரண்டாவதற்கு 3,500 என்றால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தொடர்ந்து படித்திருக்கிறார்கள், நல்ல அறிகுறி. 6,000 பேரில் 900 பேர்தான் இரண்டாவதற்கு வந்தார்கள் என்றால் முதல் பாகத்தில் எங்கோ கூட்டம் கலைந்திருக்கிறது. இரண்டாம் பாகம் வந்து ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

'மூன்றாம் பாகம் 4.5 நட்சத்திரம், அப்படியானால் தொடர் போகப் போகச் சிறப்பாகிறது' என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. முதல் பாகம் பிடிக்காதவர்கள் மூன்றாம் பாகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பிடித்தவர்கள் மட்டுமே மதிப்பெண் போடும்போது சராசரி தானாக ஏறும். தொடரை எடை போட முதல் பாகத்தின் மதிப்பெண்ணும் மேலே சொன்ன விகிதமும் போதும்.

விமர்சனங்களில் மூன்று நட்சத்திரத்தை முதலில் படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர் உருகியிருப்பார், ஒன்று போட்டவர் கொதித்திருப்பார். மூன்று போட்டவர்தான் என்ன இருந்தது, என்ன இல்லை என்று நிதானமாகச் சொல்லியிருப்பார். அவர் குறையாகச் சொன்னதே உங்கள் தாளில் ஆசையாக எழுதியிருக்கும், பல நேரங்களில்.

கிட்டே போய் ஒரு தொடரைப் பார்ப்போம்

லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்டின் 'தி ஷேரிங் நைஃப்'. அறிவியல் புனைகதைக்காகப் பல விருதுகள் வாங்கியவர் என்பதால், அவர் எழுதிய இந்தக் காதல் தொடர் ரொமான்ஸ் வாசகர்களின் கண்ணுக்கு எட்டவே இல்லை. நான்கு பாகங்கள்: 'பிகைல்மென்ட்' 2006, 'லெகசி' 2007, 'பாசேஜ்' 2008, 'ஹொரைஸன்' 2009. முடிந்த தொடர், முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஜோடி. 2019இல் அதே உலகில் ஒரு குறுநாவலும் வந்தது. அதில் நாயகன் வேறு.

ஃபான் விவசாயக் குடும்பத்துப் பெண். டேக், தீய உருக்களை வேட்டையாடி அலையும் நாடோடிக் குலத்தவன், ஒரு கையை இழந்தவன். இரண்டு சமூகமும் ஒன்றை ஒன்று நம்பாதவை. முதல் பாகத்தில் தீய உரு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலேயே ஒழிந்துவிடும். மீதி முழுவதும் இரண்டு பேரும் நெருங்குவதும், பெண் வீட்டாரிடம் போய்ப் பேசிக் கல்யாணத்தை முடிப்பதும்தான். இரண்டாம் பாகத்தில் மாப்பிள்ளை வீட்டார் மருமகளை ஏற்க மறுக்கிறார்கள். சாகச வாசகர் மூன்று நட்சத்திரம் போட்டு 'அரக்கன் செத்தபின் ஒன்றுமே நடக்கவில்லை' என்று அலுத்துக்கொள்ளும் இடம் இதுதான். சம்பந்தி வீட்டு அரசியலை வாழ்நாள் முழுக்கப் பார்த்து வளர்ந்த நமக்கோ கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

எடுப்பதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு. அவளுக்கு வயது 18, அவனுக்கு 55. அவன் குலத்தாருக்கு ஆயுள் நீளம் என்றாலும் இந்த இடைவெளி சிலருக்கு ஒத்துவராது. இன்னொன்று, முதல் இரண்டு பாகங்களும் ஒரே கதையாக எழுதப்பட்டு நீளம் கருதி இரண்டாக வெட்டப்பட்டவை. முதலாவதை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாங்கினால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஒவ்வொரு தொடரையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும்: எத்தனை பாகம், முடிந்ததா, ஜோடி மாறுகிறதா, குறை சொல்பவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்தினால் நிம்மதி.

ஸ்டோரிகிராஃப், ரொமான்ஸ்.ஐஓ

ஸ்டோரிகிராஃப் தளத்தில் தேடலைக் குறுக்கும் சல்லடைகள் (ஃபில்டர்) நன்றாக இருக்கும். ஃபேன்டசி, ரொமான்ஸ் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து, கதையின் மனநிலை, வேகம், பக்க அளவு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கலாம். கதாபாத்திரங்களால் நகர்கிறதா, சம்பவங்களால் நகர்கிறதா என்று வாசகர்கள் சொன்னதைச் சதவீதமாகவும் காட்டும். ஸ்லோ பர்ன் தேடுகிறவர்கள் வேகத்தை மெதுவாக என்று வைத்து, கதாபாத்திர வழி நகரும் கதைகளாகப் பொறுக்கினால் பாதி வேலை முடிந்தது.

அங்கே உள்ளடக்க எச்சரிக்கைகளும் உண்டு, வாசகர்களே பதிந்தவை. இதைத் தவறாமல் பாருங்கள். ஜூலியட் மாரிலியரின் 'செவன்வாட்டர்ஸ்' தொடர் 1999இல் தொடங்கியது. பழைய அயர்லாந்துப் பின்னணி, ஊமையாக இருந்தபடியே சட்டை நெய்து அண்ணன்மாரை மீட்கும் தங்கையின் கதை, அழகான ஸ்லோ பர்ன். ஆனால் முதல் பாகத்தில் கடுமையான பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று வருகிறது. அட்டையைப் பார்த்தால் அப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றாது. தெரிந்து படிப்பது வேறு, தெரியாமல் போய் முட்டிக்கொள்வது வேறு.

ஸ்பைஸ் அளவைப் பார்க்க ரொமான்ஸ்.ஐஓ தளம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை அளவு கொடுத்திருப்பார்கள். ஒன்று என்றால் பார்வையும் முத்தமும். இரண்டில் கதவு சாத்திவிடும். மூன்றிலிருந்து கதவு திறந்தே இருக்கும். ஐந்தில் விவரமாகவும் அடிக்கடியும். ட்ரோப் குறிச்சொற்களைச் சேர்த்துத் தேடவும் முடியும். அட்டையில் பொம்மைப் படம் போட்டிருந்தால் சிறுவர் நூல் என்று நினைத்து பதின்ம வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. இப்போதெல்லாம் ஐந்தாம் அளவு புத்தகத்துக்கும் அப்படித்தான் அட்டை போடுகிறார்கள். அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிடித்த எழுத்தாளர் வழியாக அடுத்தவர்

ஒரு தொடர் பிடித்துவிட்டதா, அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். முன்னட்டையில் பாராட்டு வாசகம் கொடுத்திருப்பவர் பெரும்பாலும் இவரைவிடப் பிரபலமானவர். நன்றியுரையில்தான் கைப்பிரதியைப் படித்துத் திருத்திய சக எழுத்தாளர்களின் பெயர்கள் இருக்கும், இவரைப் போலவே அதிகம் தெரியாதவர்கள். அதில் மூன்று பெயரை எடுத்துத் தேடிப் பாருங்கள். பல எழுத்தாளர்கள் சேர்ந்து போடும் குறுநாவல் தொகுப்புகளும் அப்படியே: தெரிந்த ஒருவருக்காக வாங்கினால் தெரியாத மூன்று பேரின் எழுத்தை ருசி பார்த்துவிடலாம்.

புனைபெயரையும் விசாரியுங்கள். சிறுவர் நூல்களுக்குப் பெயர்பெற்ற அர்சுலா வெர்னன் பெரியவர்களுக்கு எழுதும்போது டி. கிங்ஃபிஷர். அந்தப் பெயரில் 2020இல் தொடங்கிய 'செயின்ட் ஆஃப் ஸ்டீல்' தொடரில், தங்கள் தெய்வம் இறந்துபோனதால் நிலைகுலைந்த வீரர்கள், பாகத்துக்கு ஒருவராகக் காதலில் விழுகிறார்கள். ஜோடிகள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். பதினெட்டு வயது இளவரசிகளைப் படித்து அலுத்தவர்களுக்கு அவ்வளவு ஆறுதல். நான்கு பாகம் வந்திருக்கிறது, கதை இன்னும் மீதி இருக்கிறது.

தாளில் 'ஏற்பாட்டுக் கல்யாணம்' என்று எழுதியவர்கள் கிரேஸ் டிரேவனின் 'ரெய்த் கிங்ஸ்' தொடரில் தொடங்கலாம். மனிதக் குலப் பெண், சாம்பல் தோலும் கூர்ப்பற்களும் கொண்ட வேற்றினத்து இளவரசன். அரசியலுக்காகக் கட்டிவைத்த இருவரும் ஒருவரை ஒருவர் அசிங்கமென்று நினைத்து, அதை வெளிப்படையாகச் சொல்லிச் சிரித்து நண்பர்களாகிறார்கள். முதல் இரண்டு பாகம் இவர்களுடையது, மூன்றாவதில் ஜோடி மாறும். நியூசிலாந்தின் ஏ.ஜே. லங்காஸ்டர் சொந்தமாக வெளியிட்ட 'ஸ்டேரியல்' தொடர் நான்கு பாகத்தில் முடிந்தது. பண்ணை நிலம், வாரிசுச் சண்டை, நிறைய உறவினர்கள் என்று ஒரு குடும்பக் கதையும் உள்ளே இருக்கிறது.

எந்த வரிசையில் படிப்பது

தொடரில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. குட்ரீட்ஸில் தொடரின் தனிப் பக்கத்தைத் திறந்தால் முதன்மைப் படைப்புகள் இத்தனை, மொத்தப் படைப்புகள் இத்தனை என்று இரண்டு எண் இருக்கும். 4, 7 என்றிருந்தால் நான்கு நாவல். மீதி மூன்றும் குறுநாவல் அல்லது தொகுப்புப் பதிப்பு. 0.5, 1.5 என்று புள்ளி வைத்த எண்கள் குறுநாவல்கள். 0.5 என்று போட்டிருக்கிறதே என்று அதிலிருந்து தொடங்கக் கூடாது. அது பெரும்பாலும் முதல் பாகத்தைப் படித்தவர்களுக்காகப் பிறகு எழுதப்பட்ட முன்கதை.

ஷாரன் ஷின்னின் 'சமாரியா' தொடர் இதற்குச் சரியான பாடம். 'ஆர்க்கேஞ்சல்' 1996, அடுத்த இரண்டு 1997லும் 1998லும், பிறகு 'ஏஞ்சலிக்கா' 2003, 'ஏஞ்சல் சீக்கர்' 2004. கதையின் காலப்படி பார்த்தால் 'ஏஞ்சலிக்கா'தான் எல்லாவற்றுக்கும் முந்தியது. ஆனால் அந்த உலகத்தின் தெய்வத்தைப் பற்றிய முக்கியமான ரகசியம் ஒன்று வெளியான வரிசைப்படிதான் அவிழ வேண்டும். காலவரிசையில் படித்தால் அந்த வியப்பு போய்விடும். எழுத்தாளரே வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, வெளியான வரிசையிலேயே படியுங்கள். பழைய அச்சுத் தொடர்களின் ஆண்டும் மாற்றுத் தலைப்பும், அறிவியல் புனைகதை, ஃபேன்டசி நூல்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஐஎஸ்எஃப்டிபி தளத்தில் நம்பகமாக இருக்கும். புதியவற்றுக்கு ஃபன்டாஸ்டிக் ஃபிக்ஷன் தளம் போதும்.

இன்னொரு குழப்பம், மறுபதிப்பு. சொந்தமாக வெளியிட்டு நன்றாக ஓடிய தொடரைப் பெரிய பதிப்பகம் வாங்கிப் புது அட்டையில் போடும். ஒலிவியா அட்வாட்டரின் 'ஹாஃப் எ சோல்' 2020இல் அவரே வெளியிட்டது, 2022இல் ஆர்பிட் பதிப்பகம் எடுத்துப் போட்டது. புதுத் தொடர் என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கிவிடாமல் 'முதலில் வெளியான ஆண்டு' என்ற வரியைப் பாருங்கள்.

காசு கொடுக்கும் முன்

அமேசானின் கிண்டில் கடையில் பெரும்பாலான மின்னூல்களுக்கு இலவச மாதிரி உண்டு, ஏறக்குறைய முதல் பத்தில் ஒரு பங்கு. ஒரே மாலையில் ஐந்து தொடரின் மாதிரிகளை இறக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். நாயகனும் நாயகியும் மாதிரிக்குள் சந்திக்கிறார்களா, உரையாடலில் உயிர் இருக்கிறதா, முதல் பத்துப் பக்கத்தில் எத்தனை புதுப் பெயரைத் தலையில் கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். சந்திப்பு நடக்காவிட்டால் அது காதலைப் பின்னால் வைத்த கதையாக இருக்கலாம். தாளில் எழுதியதோடு ஒத்துப்பாருங்கள்.

சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர்களின் தொடர்கள் நிறைய கிண்டில் அன்லிமிடெடில் உள்ளன. மாதக் கட்டணம் கட்டிப் படிக்கும் திட்டம் அது. ஒரு நேரத்தில் 20 புத்தகம் வரை வைத்துக்கொள்ளலாம். அங்கே சேரும் மின்னூலை 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் எழுத்தாளர் வேறு கடையில் விற்க முடியாது. இந்தத் தொடர் கோபோ போன்ற வேறு மின்னூல் கடைகளில் ஏன் இல்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு விடை இதுதான். ஒப்பந்தம் முடிந்ததும் எழுத்தாளர் வெளியே எடுத்துவிடலாம் என்பதால், நேற்று இருந்த மூன்றாம் பாகம் இன்று இல்லாமல் போகும். முழுத் தொடரும் திட்டத்தில் இருக்கும்போதே படித்துவிடுவது நல்லது. படிக்கப்பட்ட பக்கக் கணக்கில்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது; சில தொடர்கள் தேவைக்கு மேல் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரஞ்சு நிற 'பெஸ்ட் செல்லர்' பட்டையைக் கண்டு மயங்க வேண்டாம். மிகக் குறுகிய பிரிவில் சில மணி நேரம் முதலிடத்தில் இருந்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயரில் சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாவல், எழுத்தாளருக்குத் தனித் தளம் கிடையாது, கதைச் சுருக்கங்கள் எல்லாம் ஒரே அச்சு என்றால் மாதிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலோ டொரொன்டோவிலோ இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இரண்டு ஊரின் பொது நூலகங்களும், நூலக மின்னூல்களை இரவல் எடுக்க உதவும் லிபி செயலியில் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை போதும். தேடிய தொடர் இல்லாவிட்டால் 'எனக்குத் தெரிவி' என்ற குறியைப் போட்டு வையுங்கள். நூலகத்துக்கும் அந்தத் தேவை தெரியவரும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பழைய அச்சுப் பிரதிகள், எடைக் கணக்கில் விற்கும் புத்தகக் கண்காட்சிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் அகப்படும். ஃபேன்டசி அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைக்காரர் அட்டையில் ஜோடியைப் பார்த்தால் மில்ஸ் அண்ட் பூன் குவியலில்தான் போட்டிருப்பார். குனிந்து முதுகெழுத்துகளில் லூனா என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தது இரண்டாம் பாகமாக இருந்தால், முதல் பாகம் மின்னூலாக வருகிறதா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. அச்சு நின்றுபோன பாகத்துக்காகப் பல மாதம் காத்திருக்க நேரும்.

தமிழில் என்றால்

பிரதிலிபி போன்ற செயலிகளில் மாயமும் காதலும் கலந்த தொடர்கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. இங்கே மதிப்பெண்ணைவிடக் கடைசி அத்தியாயம் போட்ட தேதி முக்கியம். ஆறு மாதமாக எதுவும் வரவில்லை, கருத்துப் பகுதியில் வாசகர்கள் 'அடுத்த பாகம் எப்போ சிஸ்' என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள் என்றால் தொடங்க வேண்டாம். எழுதியவரின் பக்கத்துக்குப் போய், இதற்கு முன் ஒரு தொடரையாவது முடித்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒன்றை முடித்தவர் அடுத்ததையும் முடிக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் முடியாத தொடர்களுக்கும் இதே விசாரணைதான். கடைசிப் பாகம் வந்து நான்கைந்து ஆண்டு ஆகியிருந்தால் எழுத்தாளரின் தளத்தில் அடுத்த பாகம் பற்றி ஏதாவது அறிவித்திருக்கிறாரா என்று தேடுங்கள். பதிப்பகம் கைவிட்டதால் நின்ற தொடர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றை எழுத்தாளர்களே பிற்பாடு சொந்தமாக முடித்துவைப்பார்கள், அந்தப் பாகம் பழைய பாகங்களோடு ஒரே பட்டியலில் சேராமல் தனியாகக் கிடக்கும். பாகத்துக்கு ஒரு ஜோடி என்றால் முடியாத தொடரையும் தைரியமாகத் தொடங்கலாம், ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கல்யாணம் முடிந்துவிடும். ஒரே ஜோடி என்றால் கடைசிப் பாகத்துக்குத் தேதி அறிவிக்கும்வரை முதல் பாகத்தின் மாதிரியோடு நிறுத்தி, தொடரின் பெயரையும் எத்தனையாவது பாகம் பாக்கி என்பதையும் அதே தாளின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள்.